கல்லின் மேல் நின்ற பிள்ளை

என் மகன் அசையாமல் நின்றான்.

எழுதிப் பார்த்தால் இது ஒரு பெரிய செய்தியாகத் தெரியவில்லை. ஆனால் குமார் நடக்கக் கற்ற நாளிலிருந்து அவன் ஓரிடத்தில் நின்று பார்த்தவர்கள் சித்தூரில் யாரும் கிடையாது. அவன் கொஞ்சமாவது நிற்க வேண்டும் என்று முழங்கால் தேய ஜெபித்தவள் நான். அந்த ஜெபம் கேட்கப்பட்டது. அவன் நின்ற இடம்தான் ரயில் தண்டவாளம்.

காலை நேரம். கேட்டைச் சாத்தியிருந்தார்கள். இரண்டு பக்கமும் சைக்கிள்கள், மண்டிக்குப் போகிற வெல்ல வண்டிகள், வெல்லத்தை மொய்த்துக்கொண்டு வந்த ஈக்கள். தண்டவாளத்துக்கு நடுவே கொட்டியிருந்த கருங்கல் ஜல்லியின் மேல் என் பிள்ளை இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். நாலு வயது முடிந்து சில மாதங்கள். பாகாலா பக்கத்திலிருந்து வண்டி கூவியது.

"டேய் குமாரு, வாடா!" என்று கத்தினேன்.

"மாட்டேன். நான் கல்லு மேல கீறேன். நீ என்னப் புடிக்க முடியாது!"

அவன் சொன்னது சரிதான். அந்த விதியை அவனுக்குப் பழக்கியவளே நான்.

அது எப்படி என்று சொல்லாமல் மேலே போனால் உங்களுக்குப் புரியாது. ஆகவே ரயிலை அங்கேயே நிறுத்தி வைக்கிறேன். எழுதுகிறவளுக்கு அந்த வசதி உண்டு. அன்றைக்கு எனக்கு அது இல்லை.

பேரு பெத்த பேரு

முழுப்பெயர் சாந்தகுமார். பிள்ளை சாந்தமாக வளர வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வைத்த பேர். பக்கத்து வீட்டு ராஜம்மா அவனைப் பார்க்கும்போதெல்லாம், "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது" என்பாள். பேர் பெரிய பேர், குடிக்கத்தான் தண்ணீர் இல்லை.

நாங்கள் மிஷன் காம்பவுண்டில் குடியிருந்தோம். உள்ளேயே இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் பேபி கிளாஸ் டீச்சர். ஊரார் பிள்ளைகளை எல்லாம் கைகட்டி, வாய்பொத்தி உட்கார வைக்கிறவள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானாக வளரும் என்பார்கள். அதைச் சொன்னவர் வீட்டில் என் மகனைப் போல ஒருவன் இருந்திருக்க மாட்டான்.

அவன் கெட்ட பிள்ளை இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கை முதலில் போகும், புத்தி பின்னால் போகும். கொதிக்கிற பருப்பில் கையை விட்டுவிட்டு, அப்புறம்தான் அது அடுப்பில் இருப்பதைப் பார்ப்பான். பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தள்ளிவிட்டு, அது அழுதால் தானும் கூட உட்கார்ந்து அழுவான். அரை இட்லியை எங்கள் வீட்டிலும் அரை இட்லியை ராஜம்மா வீட்டு வாசலிலுமாகத் தின்பான். இப்போது இதற்கு இங்கிலீஷில் நாலெழுத்துப் பேர் இருக்கிறது, பத்திரிகைகளில் படிக்கிறேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த பேர்கள் வாலு, அடங்காப்பிடாரி, சனியன். நாங்கள் கோயில் என்கிற சர்ச்சில் மட்டும் கொஞ்சம் மரியாதையாக 'ஆவி' என்றார்கள்.

எங்கள் சபை ஐயர், அதாவது பாதிரியார், நல்ல மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குமாரின் தலையில் கை வைத்து, கண்ணை மூடி, நீண்ட ஜெபம் செய்தார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவர் கை காற்றில் இருந்தது. பிள்ளை கோயில் மணிக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான்.

சிரிக்கிறீர்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் வருவது பயம். வீட்டில் சத்தம் கேட்டால் ஒரு பயம், சத்தம் கேட்காவிட்டால் இன்னும் பெரிய பயம்.

மொட்டைத் தலைகளுக்கு நடுவே

திருப்பதியில் குழந்தைகளுக்கு ஒரு நல்ல டாக்டர் இருப்பதாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் சித்தூர் – திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய பஸ்ஸிலேயே போனோம். சந்திரகிரி தாண்டும்வரை அவன் என் மடியில் ஏறி இறங்கிய கணக்குக்கு நான் நடந்தே போயிருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். புடவையைச் சரிசெய்ய ஒரு நொடி கையை மாற்றினேன். பிள்ளை இல்லை.

மலையிலிருந்து இறங்கி வந்த கூட்டம். திரும்பிய பக்கமெல்லாம் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள், குழந்தைகளிலும் பாதி மொட்டை. அந்த மொட்டைகளுக்கு நடுவே முடியுள்ள ஒரு சின்னத் தலையைத் தேடிக்கொண்டு ஓடினேன். எனக்குக் காது அடைத்துவிட்டது. சந்தன வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸுக்கு அடியில், பின்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அதில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் குனிந்து காலைப் பிடித்து இழுத்தார். இழுத்தபின் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், முட்டியில் தட்டினார். தூங்குவதற்கு ஒரு மருந்து எழுதிக்கொடுத்து, "வளந்தா சரியாப் பூடும்மா" என்றார். வளர்வானா என்பதுதான் என் கேள்வி.

இடுப்பில் கயிறு

மறுநாள் என் வீட்டுக்காரர் வெல்ல மண்டியிலிருந்து ஒரு கயிறு வாங்கிவந்தார். பிள்ளையின் இடுப்பில் உறுத்தாமலிருக்கப் பழைய வேட்டியைக் கிழித்துக் கயிற்றின் மேல் சுற்றினார். ஒரு முனை அவன் இடுப்பில், மறுமுனை ஜன்னல் கம்பியில். முடிச்சுப் போடும்போது பிள்ளையின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

நான் தடுக்கவில்லை. முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

என் தம்பி தானியேலும் இப்படித்தான் இருந்தான். புத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் என் அப்பா உபதேசியாராக இருந்த காலம். தானியேலைத் தூணில் கட்டிவிட்டுத்தான் அம்மா வேலை பார்ப்பாள். ஒரு அறுவடை நாளில் யாரோ, பாவம் பிள்ளை என்று இரக்கப்பட்டு அவிழ்த்துவிட்டார்கள். மத்தியானம் அவனைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். நான் அப்போது சின்னப் பெண். அவன் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது மட்டும் நினைவிருக்கிறது. "அவுத்து வுட்டாங்க, அதான் போய்ட்டான்" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டே வளர்ந்தேன்.

குமார் கயிற்றை இழுத்தான், கடித்தான். வெல்ல வாசனைக்கு அதைச் சப்பினான். இடுப்பில் சிவப்பாகத் தடம் விழுந்தது. எண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஒரு மாலையில் எனக்கு ஒன்று தோன்றியது. தானியேல் அவிழ்த்துவிட்டதால் செத்தானா, அதுவரை கட்டியே வைத்திருந்ததால் செத்தானா? தூணில் கட்டிக் கிடந்த பிள்ளைக்குக் கிணறு எங்கே தெரியும்?

இந்த யோசனை எனக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் பயமாக இருந்தது. கட்டினாலும் பயம், அவிழ்த்தாலும் பயம் என்றால் ஒரு தாய் எங்கே போவாள்?

துவைக்கிற கல்

ஒரு லீவு நாளில் குளிப்பாட்டுவதற்காக அவிழ்த்தேன். ஈர உடம்போடு கையை வழுக்கிக்கொண்டு ஓடினான். துண்டோடு பின்னால் ஓடினேன். காம்பவுண்டுப் பிள்ளைகள் கல்லா மண்ணா ஆடிக்கொண்டிருந்தார்கள். தெலுங்குப் பிள்ளைகள் அதையே நேல பண்ட என்பார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிடிக்கிறவரிடம் "கல்லா மண்ணா?" என்று கேட்பார்கள். அவர் மண் என்றால் மண்ணெல்லாம் அவருடையது, மற்றவர்களுக்குக் கல்தான் புகலிடம். கல்லில் நிற்கிறவரைத் தொடக் கூடாது. ஆனால் கல்லிலேயே நின்றால் ஆட்டம் ஏது? பிடிக்கிறவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மண்ணில் இறங்கி, அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்ப ஓட வேண்டும். மண்ணில் அகப்பட்டால் அவுட்டு.

அம்மணமாக ஓடிய என் மகன் துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றான். ராஜம்மாவின் பெண் எதிரில் வந்து முறைத்தாள். இவன் அசையவில்லை. உடம்பெல்லாம் நடுங்கியது, சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்தான், கால் மட்டும் கல்லை விட்டு நகரவில்லை. ஆமென் வரைக்கும் நிற்காத பிள்ளை, அவள் திரும்பிப் போகும்வரை நின்றான்.

நான் துண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். இவனால் நிற்க முடியும், நில் என்றால்தான் நிற்க முடியாது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

அன்றிலிருந்து ஆட்டத்தை நான் கையிலெடுத்தேன். மண் எனக்கு, கல் அவனுக்கு. குழாயடிக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் கல்லுக்குக் கல் தாவிக்கொண்டு வருவான். ஒவ்வொரு கல்லிலும் நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டினேன். வழியில் பார்த்தவர்கள், டீச்சரம்மாவுக்கே ஆவி பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் வேறு ஆட்டங்கள். புளியங்கொட்டையைக் குறுகிய வாய் பாட்டிலில் ஒவ்வொன்றாகப் போடுவது, நத்தை நடை, ஆனை நடை. எங்கள் பிள்ளைகளுக்குக் கோயில் விளையாட்டு என்று ஒன்று உண்டு. ஒருவன் ஐயராகி டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, ஆராதனையில் கொடுக்கிற ராப்போஜனக் கிண்ணம் போலச் சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுப்பான். குமாரை ஐயராக்கினேன். முதல் வாரம் வீடெல்லாம் தண்ணீர். பிறகு ஒரு நாள் நாக்கைத் துருத்திக்கொண்டு, சுவரைப் பிடிக்காமல், சமையலறையிலிருந்து வாசல்வரை ததும்பாமல் கொண்டுவந்தான். ஐயரம்மா வந்து, "பரிசுத்தமானத வெச்சி வெளையாட்டா?" என்று கோபித்துக்கொண்டு போனாள்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

"பிரேக் இல்லாத வண்டிய ரோட்டுல வுட்டுட்டு ஆட்டம் ஆடிக்கினு கீறியே, இன்னா ஆவறது?"

"கட்டிப் போட்ட வண்டிக்கு பிரேக் கீதா இல்லியான்னு எப்பிடித் தெரியும்? சொல்லுங்க."

"ஒரே ஒரு தபா எதுனா ஆச்சு, அப்பால கயிறுதான். பள்ளிக்கோடம் போற வயசு வரைக்கும் அவுக்க மாட்டேன். நீ ஒண்ணும் பேசக் கூடாது" என்றார்.

நான் ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகு பல மாதங்கள் கயிறு ஆணியில் தொங்கியது.

முதுகைக் காட்டி

இப்போது ரயிலை விட்டுவிடலாம்.

கேட்டில் என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். விலாங்கு மீன் மாதிரி நழுவி, கட்டைக்கு அடியில் புகுந்து ஓடினான். ஓடி நின்ற இடம் கல். அவன் இதுவரை பார்த்ததிலேயே நீளமான கல், ஊர்க் கோடிவரை கல்.

நான் கட்டைக்கு அடியில் குனிந்து ஓடினேன். அவன் சிரித்துக்கொண்டே தண்டவாளத்தோடு இன்னும் தள்ளி ஓடினான், வண்டி வருகிற பக்கமாகவே. கேட்மேன் பச்சைக்கொடியைப் போட்டுவிட்டுச் சிவப்பை வீசிக்கொண்டு ஓடிவந்தார். "ரேய் பாபு, ரா ரா! பண்டி வச்சேஸ்தாந்தி!" என்று கத்தினார், வண்டி வருகிறது வாடா என்று. சைக்கிள்காரர்களும் கத்தினார்கள். இத்தனை பேர் தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்றால் அவனுக்கு அதைவிடத் திருவிழா எது? இன்னும் தள்ளிப் போய், காலைச் சேர்த்து நின்று, கை தட்டினான்.

வளைவில் புகை தெரிந்தது.

நான் ஒரு அடி வைத்தால் அவன் பத்தடி போவான் என்று எனக்குப் புரிந்தது. "யாரும் போவாதீங்க! நில்லுங்க! கத்தாதீங்க!" என்று அலறினேன். என்ன அதிசயமோ, எல்லோரும் நின்றார்கள். கேட்மேன்கூட நின்றார்.

கல்லில் நிற்கிறவனை மண்ணுக்கு வரவழைக்க ஆட்டத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு.

நான் தண்டவாளத்தை விட்டு விலகி, மண்ணில் வந்து நின்றேன். பிறகு என் பிள்ளைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

அந்த நேரத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? எதிரே ஒரு வெல்ல வண்டி மாடு என்னைப் பார்த்து அசைபோட்டது. வண்டிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கிருந்த கண்ணாடி அவர் முகம்தான். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. காலடியில் மண் அதிர ஆரம்பித்தது. விசில் நிற்காமல் கூவியது. திரும்பு திரும்பு என்று உடம்பெல்லாம் சொன்னது. திரும்பினால் அவன் கல்லிலேயே நிற்பான். ஆண்டவரே என்றுகூடச் சொல்ல வரவில்லை. தானியேலின் தலைமுடிதான் கண்ணுக்குள் வந்தது.

"எங்கடா காணோம் இந்தக் குமாரு? ஊட்டுக்குப் பூட்டான் போல கீதே" என்று உரக்கச் சொன்னேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஜல்லி சரசரத்தது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, வண்டிச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

என் முதுகில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு தட்டு விழுந்தது.

திரும்பி, கையில் அகப்பட்டதைப் பிடித்தேன். சட்டைக் காலர். இழுத்துக்கொண்டு மண்ணில் விழுந்தேன். வண்டி போகிற காற்றில் என் முந்தானை பறந்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மூடியது. அவன் என் பிடியில் திமிறிக்கொண்டு, "நீ என்ன ஏமாத்திட்ட! ஏமாத்திட்ட!" என்று அழுதான்.

முந்தானை விலகியதும் அழுகையை நிறுத்தினான். கையெட்டும் தூரத்தில், அவன் நின்ற ஜல்லியின் இரண்டு பக்கமும் இரும்புச் சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசிப் பெட்டி போகும்வரை அவன் அந்தச் சக்கரங்களையே பார்த்தான்.

மறுநாள்

எனக்கு முன்பே சேதி வீட்டுக்குப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"சொன்னேனா இல்லியா?" என்றார்.

"சொன்னீங்க. கட்டுங்க. நான் தடுக்கல. ஆனா நாளைக்கு ஒரே ஒரு தபா அவன அங்க கூட்டிக்கினு போவணும். நீங்களும் வாங்க. கயிறையும் எடுத்துக்கினு வாங்க."

"அங்கியா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"ஆமா" என்றேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு மூன்று பேரும் போனோம். அவர் தோளில் தொங்கிய கண்டக்டர் பையில் டிக்கெட்டுக்குப் பதில் கயிறு இருந்தது. கேட்மேன் எங்களைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் கட்டையிலிருந்து தள்ளி நின்றோம். நான் குமாரின் கையை விட்டேன். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் விட முடிந்தது. அவர் அவனுக்குப் பின்னால் காலை அகட்டி, எந்த நிமிஷமும் பாய்வதற்குத் தயாராக நின்றார். அவர் கை பைக்குள் இருந்தது.

வண்டி கூவியது.

குமார் ஜல்லியைப் பார்த்தான். ஒரு அடி வைத்தான். நான் கையை நீட்டினேன். அந்த அடி பின்பக்கமாக வைத்த அடி. இன்னொன்று வைத்தான். இன்னொன்று. அவன் முதுகு அவருடைய முழங்காலில் இடித்ததும், திரும்பாமலே கையைப் பின்னால் கொண்டுபோய் அவர் பேண்ட்டைப் பற்றிக்கொண்டான். வண்டி கடந்து போகும்வரை அந்தத் துணியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"நைனா, பயமா கீது" என்றான்.

அம்மா, அப்பம், ஆமென் என்று எத்தனையோ வார்த்தைகளை அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்த வார்த்தையை அவன் வாயில் அதுவரை கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து அவனுக்கும் சேர்த்து நான்தான் பயந்துகொண்டிருந்தேன். அவன் பயப்படுகிறான் என்பதில் எனக்கு வந்த சந்தோஷத்தை வேறு எந்தத் தாயிடமாவது சொன்னால் என்னை அடிப்பாள்.

"எனக்கும் பயமா கீதுடா" என்றேன்.

என் வீட்டுக்காரர் பைக்குள்ளிருந்து கையை வெறுமையாக எடுத்தார். அதை மகனின் தலையில் வைத்தார். தலை அங்கேயே இருந்தது.

"எனக்குந்தான்" என்றார்.